மையமற்ற சமூக ஊடகமும் தமிழ்க் குழுமமும்

சமூக ஊடகத்தினின்று ஒற்றை நிறுவனத்தின் ஆட்சியை அகற்றிவிட்டால் புதிய குழுமங்கள் தாமே தோன்றும் என்பது அண்மைக்காலத்தில் பரவலாக முன்வைக்கப்பெறும் கருத்தாகும். அது அவ்வாறே ஏற்கத்தக்கதன்று.

2016இல் செருமனியில் தோன்றிய மாஸ்டடான் இக்கருத்தின் முதன்மைச் சான்று. இதில் ஒவ்வொரு வழங்கியும் தனக்கென விதிகளை வகுத்துக்கொள்கிறது. ஆயினும் ஆக்டிவிட்டிபப் என்னும் பொது நெறிமுறையால் ஏனைய வழங்கிகளோடு உரையாடுகிறது. வெவ்வேறு அஞ்சலகங்களில் இட்ட மடல்கள் ஒரே முகவரி முறையால் உரியவரைச் சேர்வது போன்றது இது. 2019 இறுதியில் உச்சநீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு முடக்கப்பெற்றபோது இந்தியர் பலர் இங்குக் குடிபெயர்ந்தனர். எனினும் பொது விவாதத்தின் களமாக டுவிட்டரே தொடர்ந்தது. வந்தோரை இணைத்தது சினமே. சேர்ந்து செய்வதற்கான பணி ஏதும் அவர்களிடம் இல்லை என்றே கருத வேண்டியுள்ளது.

இதனோடு மதுரைத் திட்டத்தை ஒப்பிடுவது பயனுடையது. 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற இத்திட்டத்தைச் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டனர், மெய்ப்புப் பார்த்தனர். அவர்கள் ஓர் அலுவலகத்தின் கீழ்க் கூடியவர்கள் அல்லர். அன்று ஒரு கணினியில் இட்ட தமிழ் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிய நிலை இருந்தது; எழுத்துருதோறும் குறியேற்றம் வேறுபட்டமையே காரணம். தகுதரம் என்னும் பொதுக் குறியேற்றமும், பின்னர் ஒருங்குறியும் அவ்விடரைக் களைந்தன. குழுமத்திற்கு முன் நெறிமுறை வேண்டும் என்பார் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அந்நெறிமுறையைத் தேட வைத்தது பணியே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இவ்வினா வெறுங் கோட்பாட்டு வினாவன்று. பலமனேரை எடுத்துக்கொள்வோம். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் இணைந்தபோது சித்தூர் மாவட்டத்தின் இப்பகுதி ஆந்திரத்திலேயே நிலைத்தது. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் அடுத்தடுத்து ஒலிக்கும் இவ்வெல்லை நிலத்தில் தமிழ் ஆட்சிமொழி அன்று. இத்தகைய ஊரார் தம் கலப்பு வழக்கிலேயே பேசிக்கொள்ள, தாமே விதி வகுக்கும் ஒரு வழங்கி உதவக்கூடும். தொலைவிலுள்ள நிறுவனத்தின் கண்காணிப்பாளருக்கு அவ்வழக்கின் வசையும் கேலியும் பிரித்தறிய வாரா.

ஆயின் அவ்வழங்கியை யார் காப்பது? மாஸ்டடான்.டெக்னாலஜி என்னும் வழங்கி 2022 இறுதியில் மூடப்பெற்றது. அங்கிருந்து பெயர்வோர் தம்மைப் பின்தொடர்வோரைப் புதிய வழங்கிக்கு அழைத்துச் செல்லலாம். தாம் எழுதியவற்றை அங்கே மீண்டும் பதியவைக்க அம்மென்பொருள் வழிசெய்வதில்லை. ஆள் பெயர, எழுத்து தங்கிவிடுகிறது! மதுரைத் திட்டமோ முகப்புப் பக்கத்தைச் சிதைக்காமல் எவரும் படியெடுத்து வழங்கலாம் என விடுத்தமையால், அதன் நூல்கள் ஒரு வழங்கியின் ஆயுளை நம்பியிருக்கவில்லை. எல்லைத் தமிழருக்கென வழங்கி அமைக்க முனைவோர் உறுப்பினர் தொகையைக் கணக்கிடுமுன் இப்படியெடுக்கும் உரிமையையே முதல் விதியாக எழுதவேண்டும்.