750 மணி நேரமும் ஒரு முழ நூலும்

வெள்ளை நூல் ஒரு முழம். ஒரு முனை பல்லில், மறுமுனை விரலில், நடுவே நாலைந்து முறுக்கு. அந்த முறுக்கு கத்தரி மாதிரி திறந்து மூட, புருவத்து ஓரத்து முடி வேரோடு வந்துவிடும். தி.நகரிலும் திருச்சியிலும் பெண்கள் (இப்போது ஆண்களும்தான், மறைக்காதீர்கள்) பத்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு எழுந்து வருகிற த்ரெட்டிங். இதைச் செய்ய ஒருவர் எத்தனை மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநில அரசு சொன்ன பதில், 750 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் வகுப்புக்குப் போனாலும் நாலு மாசத்துக்கு மேல். அது முடிந்து பரீட்சை, அப்புறம் லைசென்ஸ். இல்லாவிட்டால் நூலைத் தொட்டால் அபராதம்.

நம் ஊரில் பார்லர் வைக்க மாநகராட்சியிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். அது கடைக்கு. புருவம் திருத்துகிற கைக்கு லைசென்ஸ் கொடு என்று இங்கே எந்த அதிகாரியும் கேட்பதில்லை. அங்கே கடைக்கு ஒன்று, கைக்கு ஒன்று. அந்தக் கை குஜராத்திலோ நேபாளத்திலோ சின்ன வயசில் அம்மாவிடமும் அத்தையிடமும் பார்த்துப் பழகிய கையாக இருந்தாலும் அதே சட்டம்தான்.

இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போவது நாவல் பற்றியும் இல்லை, சினிமா பற்றியும் இல்லை. ஒரு கோர்ட் தீர்ப்பு. ஓடிவிடாதீர்கள். தீர்ப்பும் எழுத்துதானே? அதிலும் நல்ல நடை உண்டு, வளவளா உண்டு, வில்லன் உண்டு. இந்தத் தீர்ப்பில் மூன்றும் இருக்கிறது. 2015 ஜூன் 26-ம் தேதி டெக்ஸாஸ் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. ஆஷிஷ் பட்டேலும் மற்ற சிலரும் ஒரு பக்கம், மாநிலத்தின் லைசென்ஸ் துறை மறுபக்கம். அதே தேதியில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்தை நாடு முழுக்கச் செல்லும் என்றது. அன்றைக்கு டி.வி.யில் புருவத்துக்கு எங்கே இடம்?

வழக்கு போட்டது 2009-ல். கீழ்க்கோர்ட்டில் தோல்வி. அப்பீலிலும் தோல்வி. உச்ச நீதிமன்றத்தில் 6-க்கு 3 என்ற கணக்கில் ஜெயித்தார்கள்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஃபில் ஜான்சன். மனிதர் ஆடிட்டர் மாதிரி எழுதுகிறார். நான் பி.காம். படித்தவன். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் கூட்டல் சரியா என்று பார்க்கிற ஜாதி. அதனாலோ என்னவோ, எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடித்தது. உணர்ச்சிவசப்படாமல் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணுகிறார். ஃபேஷியல், மேக்கப், மின்சார மெஷின்கள், கெமிஸ்ட்ரி என்று போகிற பாடத்திட்டம் அது. 750-ல் 320 மணி நேரம் வரைக்கும் த்ரெட்டிங் செய்கிறவர் நிஜமாகச் செய்யும் வேலைக்குச் சம்பந்தமே இல்லாதது. நூற்றுக்கு நாற்பதுக்கு மேல்! எட்டு வாரம் ஒரு மனுஷி வேலைக்குப் போகாமல், வருமானம் இல்லாமல், எதிர்த்துப் பணமும் கட்டிக்கொண்டு, தனக்கு வேண்டாததைப் படிக்க வேண்டும். வேண்டியதையாவது கற்றுக் கொடுத்தார்களா? த்ரெட்டிங் சொல்லிக் கொடுத்த அழகுக்கலைப் பள்ளிகளை அந்தப் பெரிய மாநிலத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். நீச்சல் லைசென்ஸ் வேண்டுமா, சைக்கிள் கற்றுக்கொண்டு வா என்கிற கதை.

முறையான சட்ட வழியில் அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்று டெக்ஸாஸ் அரசியல் சாசனம் சொல்கிறது. ஜான்சன் அதை எடுத்துக்கொண்டு ஒரு அளவுகோல் செய்கிறார். சட்டத்தின் நோக்கம் தாளில் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதோடு நிற்காதே. இந்த மனிதர் மேல், இந்த வேலை மேல் அது நடைமுறையில் என்ன பாரம் ஏற்றுகிறது என்று பார். பாரம் கொடுமை என்கிற அளவுக்குப் போனால் சட்டம் செல்லாது. இவ்வளவுதான். நம்ம ஊர் ஆபீஸ்களில் படிவம் நிரப்பிக் களைத்த யாருக்கும் இந்த வரி புரியும்.

அடுத்து நீதிபதி டான் வில்லெட். ‘முடிவு சரிதான், ஆனால் நானும் கொஞ்சம் பேச வேண்டும்’ என்று தனியாக எழுதுகிற வழக்கம் அமெரிக்க நீதிபதிகளுக்கு உண்டு. வில்லெட் கொஞ்சம் இல்லை, நிறையவே பேசுகிறார். ட்விட்டரில் இவர் அடித்த லூட்டிக்காக டெக்ஸாஸ் சட்டசபையே இவரைச் செல்லமாக ‘ட்வீட்டுகளின் ஆஸ்தான கவி’ என்று அறிவித்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், முதல் முதலாகத் தன் சொந்த உழைப்பில் காசு வாங்கிய நாளை நினைத்து எழுதிய வரிகளோடு ஆரம்பிக்கிறார். படிக்கும்போது சிலிர்க்கத்தான் செய்கிறது. ஏற்கெனவே தொழிலில் இருக்கிறவர்கள் புதிதாக வருகிறவர்களைத் தடுக்க லைசென்ஸை வேலியாகக் கட்டிக்கொள்கிறார்கள் என்று போட்டு உடைக்கிறார். அதுவும் உண்மைதான். தொழிலுக்கு லைசென்ஸ் கேட்டு நச்சரிப்பவர்கள் வாடிக்கையாளர்கள் அல்ல, அந்தத் தொழில் செய்கிறவர்களேதான் என்று மில்ட்டன் ஃப்ரீட்மன் 1962-லேயே எழுதியது.

ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். மால் நடுவே நாற்காலி போட்டுப் புருவம் திருத்துகிற பெண்ணின் வழக்குக்கு அடிமை முறையைச் சாட்சிக்கு அழைப்பது கனம் தாங்குமா? ஜான்சனின் ‘320’ ஒரு எண். எடுத்தால் மடியில் விழும் கல் மாதிரி இருக்கிறது. வில்லெட்டின் பக்கங்கள் மேடைப் பேச்சு மாதிரி, கைதட்டச் சொல்கின்றன. முடித்ததும் காதில் ஒலி மிஞ்சுகிறது, கையில் எதுவும் மிஞ்சவில்லை.

மூன்றாவது ஆள்தான் சுவாரஸ்யம். தோற்ற பக்கத்தில் நின்ற தலைமை நீதிபதி நேதன் ஹெக்ட். இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் இவரை வில்லனாக்கிவிடுகிறார்கள். படித்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. சட்டம் நல்ல சட்டமா என்று முடிவு செய்வது சட்டசபையின் வேலை, எங்கள் வேலை இல்லை என்பது அவர் கட்சி. கூடவே ஒரு பழைய பேயை நினைவுபடுத்துகிறார். அந்தப் பேயின் பெயர் லாக்னர்.

அது என்ன என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பேக்கரித் தொழிலாளியிடம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டிருந்தது. 1905-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. காரணம்? தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இஷ்டப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரம் இருக்கிறதாம்! ‘சுதந்திரம்’ என்ற அதே வார்த்தை. பட்டேல் வழக்கில் அது நூல் பிடித்த பெண்ணைக் காப்பாற்றியது. லாக்னர் வழக்கில் அடுப்படியில் வெந்துகொண்டிருந்தவனைக் கைவிட்டது. கோர்ட் கையில் இந்தக் கத்தியைக் கொடுத்தால் நாளைக்கு யாரை வெட்டும் என்பது ஹெக்ட்டின் பயம். எனக்கும் அந்த பயம் உண்டு. 320 அதிகம் என்றால் 200? நூறு? எந்த எண்ணில் கொடுமை ஆரம்பிக்கிறது என்பதற்கு ஜான்சனின் ஆடிட்டர் நோட்டில் பதில் இல்லை.

ஹெக்ட்டிடம் நான் ஒத்துப்போகாத இடம் ஒன்றுதான். சட்டசபை பார்த்துக்கொள்ளும் என்கிறார். யார் போய்ச் சட்டசபையிடம் கேட்பது? அழகுக்கலைப் பள்ளிகளுக்குச் சங்கம் உண்டு, வக்கீல் உண்டு. மாலில் நாற்காலி போட்டிருக்கும் பெண்ணுக்கு? ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

இங்கேதான் தீர்ப்பில் எழுதப்படாத ஒரு அத்தியாயம் இருக்கிறது. இந்த மணி நேரமெல்லாம் யாருக்கு வரவு? ஸ்டெஃபனி செல்லினி, கிளாடியா கோல்டின் (2023-ல் பொருளாதார நோபல் வாங்கினாரே, அவரேதான்) இருவரும் லாபத்துக்கு நடத்தும் தொழிற்பள்ளிகளின் கட்டணத்தை ஒப்பிட்டு 2014-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மத்திய அரசின் மாணவர் உதவி கிடைக்கிற பள்ளிகள், அது கிடைக்காத அதே மாதிரிப் பள்ளிகளைவிட சுமார் 78 சதவீதம் கூடுதலாகக் கட்டணம் வாங்கின. மானியம் மாணவி கைக்கு வருவதற்குள் பள்ளிக் கல்லாவில் விழுந்துவிடுகிறது.

இன்னொன்று. இந்தப் பள்ளிகளில் பயிற்சிக்கு என்று ஒரு சலூன் இருக்கும். வெளி ஆட்கள் வந்து காசு கொடுத்து முடி வெட்டிக்கொள்வார்கள். வெட்டுவது மாணவி. காசு பள்ளிக்கு. மாணவிக்குக் கிடைப்பது ‘மணி நேரம்’. இல்லினாயில் ஒரு மாணவி, இது வேலைதானே, சம்பளம் எங்கே என்று கேட்டு வழக்குப் போட்டார். 2017-ல் மத்திய அப்பீல் கோர்ட், நீ மாணவி, தொழிலாளி இல்லை என்று சொல்லிவிட்டது. பீஸ் கட்டுகிறவள் அவள், வேலை செய்கிறவளும் அவள். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இப்படி இரண்டு பக்கமும் டெபிட் விழுந்து நான் பார்த்ததில்லை. போதாக்குறைக்குப் பள்ளியே படுத்துவிட்டால்? 2016 பிப்ரவரியில், அரசு உதவியை நிறுத்தியதும், மரினெல்லோ என்ற பெரிய அழகுக்கலைப் பள்ளி தன் 56 வளாகங்களையும் ஒரேயடியாக மூடியது. பாதி மணி நேரத்தோடு நடுத்தெருவில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

பட்டேல் தீர்ப்புக்கு ஆறு மாசம் முன்னால், 2015 ஜனவரியில், அதே டெக்ஸாஸில் இன்னொரு வழக்கு முடிந்தது. ஆப்பிரிக்கப் பாணியில் முடி பின்னக் கற்றுத்தர ஐசிஸ் பிராண்ட்லி என்பவர் பள்ளி நடத்த விரும்பினார். முடிவெட்டும் பள்ளிக்கான விதிப்படி 2,000 சதுர அடி இடம் வேண்டும், பத்து பார்பர் நாற்காலி வேண்டும், முடி அலசும் தொட்டிகள் வேண்டும் என்றது அரசு. முடி பின்ன எதற்கய்யா பார்பர் நாற்காலி? மத்திய கோர்ட் இந்த விதிகளைத் தூக்கியெறிந்தது. இதையும் சேர்த்துப் படித்தால்தான் ஜான்சன் ஏன் அந்த வருஷம் அவ்வளவு பொறுமையாக எண்ணினார் என்று விளங்கும்.

சரி, ஜெயித்த பிறகு என்ன ஆயிற்று? டெக்ஸாஸில் த்ரெட்டிங்குக்கு லைசென்ஸே தேவையில்லாமல் போயிற்று. 750-லிருந்து நேரே பூஜ்யம்! எனக்கு இதில் முழு சந்தோஷம் இல்லை. நூல் பல்லில் இருக்கிறது, விரல் ஒரு கண்ணிலிருந்து அடுத்த கண்ணுக்குப் போகிறது. மருவும் படர்தாமரையும் கண்நோயும் பரவலாம் என்று கோர்ட்டிலேயே பேசப்பட்டது. கை கழுவு, நூலை மாற்று, புண் இருந்தால் தொடாதே என்று சொல்லித் தர ஒரு நாள் போதாதா? அந்த ஒரு நாளைத் தீர்ப்பு கேட்கவில்லை. கோர்ட்டால் அடிக்க முடியும். பதிலுக்கு நல்ல விதி ஒன்றை எழுத முடியாது. எழுதியிருக்க வேண்டியது சட்டசபை, அதாவது ஹெக்ட் கை காட்டிய அதே இடம்.

லைசென்ஸ் என்றாலே வெட்டிவேலை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். இல்லினாய் மாநிலத்தில் ப்யூட்டிஷியன் லைசென்ஸை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்குச் சில மணி நேர வகுப்பு கட்டாயம். பெரும்பாலும் சம்பிரதாயம்தான். ஆனால் 2017 ஜனவரியில் அமலுக்கு வந்த ஒரு சட்டம் அதில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கியது, குடும்ப வன்முறையையும் பாலியல் வன்முறையையும் பற்றி. கணவன் அடித்த காயத்தைப் புடவைத் தலைப்பால் மூடலாம், மேக்கப் போட்டு மறைக்கலாம். தலைமுடியைக் கோதுகிறவளிடம் எப்படி மறைப்பது? மண்டையில் வீக்கத்தை முதலில் பார்ப்பது அந்த விரல்கள்தான். போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும், உதவிக்கு யாரைக் கூப்பிடலாம் என்று காதோடு சொல்லத் தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்த ஒரு மணி நேரம். இதை எழுதியதும் ஒரு சட்டசபைதான்.

பட்டேல் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, பத்திரிகை ஆங்கிலம் தெரிந்தால் போதும். ஜான்சனை ஒரே மூச்சில் படித்துவிடலாம். அடுத்து ஹெக்ட்டைப் படியுங்கள். வில்லெட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வராது, அதற்கு நான் கேரண்டி.