அடியை எண்ணுகிறதா, ஆட்டத்தை எண்ணுகிறதா?

நடக்கும் அடிகளை எண்ணிச் சொல்லும் கைப்பட்டைகள் இன்று மாணவர்களிடமும் பெருகிவிட்டன. "நேற்று எட்டாயிரம், இன்று ஆறாயிரம்" என்று அவர்கள் கணக்குப் பார்ப்பதைக் காண்கிறோம். அப்பட்டையோடு வரும் கையேட்டை வாசகர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும். எண்ணிக்கை தவறினால் பட்டையை இறுக்கிக் கட்டுக, எந்தக் கையில் அணிகிறீர் என்று குறித்திடுக, உயரத்தைச் சரியாகக் கொடுக்க, நிறுத்தி மீண்டும் இயக்குக என்று அது சொல்லும். தவறு ஏன் நேர்கிறது என்பதற்கு நான் பார்த்த கையேடுகளில் ஒரு வரிகூட இல்லை. எனது குறை அதுதான்.

தூத்துக்குடியில் திரேஸ்புரம் கடற்கரைக்கு ஒரு நாள் காலை இத்தகைய பட்டையோடு சென்றேன். வள்ளங்கள் கரை சேர்ந்து மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. தலையில் கூடையைச் சுமந்து, ஒரு கையால் அதைப் பிடித்தபடி விரைந்து நடந்தார் ஓர் அம்மாள். நானும் ஒரு கூடையை வாங்கித் தலையில் வைத்து, பட்டை கட்டிய கையால் பிடித்து, வாய்க்குள் எண்ணியவாறு நூறு அடி நடந்தேன். (வெறுங்கூடைதான், மீனைச் சுமக்க என் கழுத்து இடந்தராது.) கருவி காட்டியது நூறுக்கு வெகு கீழே. பிறகு நின்ற இடத்திலேயே நின்று வலைக்கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தேன். ஓர் அடியும் வைக்காமலே கணக்கு ஏறிற்று!

காரணம் எளிது. பட்டைக்குள் இருப்பது முடுக்கமானி. சிலிக்கனில் செதுக்கிய மிகச்சிறு பொருண்மையொன்று நுண்ணிய வில்களில் தொங்குகிறது. கை அசையும்போது அது சற்றே விலக, அருகிலுள்ள தகடுகளுக்கிடையே மின்தேக்குதிறன் மாறுகிறது. மூன்று திசைகளிலும் இவ்வாறு முடுக்கம் அளக்கப்படுகிறது. சாதாரண நடையில் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடிகள் விழும். அந்த அதிர்வெண்ணையொட்டி, குறிப்பிட்ட அளவைத் தாண்டி எழும் ஒவ்வொரு முகட்டையும் கருவி 'ஓர் அடி' என்று கொள்கிறது. அதாவது அது காலைப் பார்ப்பதே இல்லை. கையின் ஆட்டத்திலிருந்து அடியை ஊகிக்கிறது. கூடையைப் பிடித்த கையிலும் தள்ளுவண்டியைத் தள்ளும் கையிலும் வீச்சில்லை, முகடு தாழ்ந்துபோகிறது. கயிறு இழுப்பவர் கையிலோ சீரான வீச்சு உண்டு. படகு எந்திரத்தின் அதிர்வு மிக வேகமானது, கடல் அலையின் ஆட்டம் பெரும்பாலும் மெதுவானது. ஆகவே இவ்விரண்டும் வடிகட்டப்பட வாய்ப்புண்டு.

கையேட்டின் மருந்துகளுக்கு வருவோம். கையைக் குறிப்பதில் பொருளுண்டு. அதிகம் வேலை செய்யும் கைக்கு அளவுகோல் வேறு. உயரத்தைத் திருத்தினால் மாறுவது பொதுவாகத் தூரமே, அடிக்கணக்கு அன்று. உயரத்தைக்கொண்டு அடியின் நீளத்தை ஊகிப்பதிலும் பிழை வரும். அடிக்கு 5 செ.மீ. தவறினால் 10,000 அடிக்கு அரைக் கிலோமீட்டர் தவறுகிறது. மணலில் நடையே குறுகிவிடும்.

இதை நன்கு உணர்ந்தவர் நயின் சிங். 1865-66இல் இந்திய நில அளவைத் துறைக்காக யாத்திரிகர் வேடத்தில் லாசா சென்ற இவருக்கு, மேடானாலும் பள்ளமானாலும் அடியின் நீளம் மாறாமல் நடக்க முதலில் பயிற்சி தந்தார்கள். செபமாலையில் 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள். நூறு அடிக்கு ஒரு மணி. மாலை ஒரு சுற்று வந்தால் 10,000 அடி.

அதே 10,000தான் இன்றைய பட்டைகளின் இலக்காகவும் இருக்கிறது. ஆனால் அது வந்த வழி வேறு. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' என்ற அடிமானியின் பெயருக்கே 'பத்தாயிரம் அடி மானி' என்றுதான் பொருள். அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள பெண்களிடையே நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 7,500 அடிக்குமேல் கூடுதல் பயன் தென்படவில்லை. விளம்பரத்தில் பிறந்த இலக்கு. கையாட்டத்தில் பிறந்த எண்ணிக்கை. இவ்விரண்டையும் ஒப்பிட்டு அந்தக் கூடைக்கார அம்மாளிடம் "நீங்கள் இன்று போதுமான அளவு நடக்கவில்லை" என்று ஒரு பட்டை சொல்லுமானால், அதை அவர் ஏன் நம்பவேண்டும்?

உங்களிடம் பட்டை இருந்தால் கையை வீசி நூறு அடி, பையைச் சுமந்து நூறு அடி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நூறு அடி, ஒவ்வொன்றையும் மும்முறை எண்ணி நடந்து பாருங்கள். கருவியின் எண்ணை அருகே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து அதே பட்டையைக் கணுக்காலில் கட்டிப் பாருங்கள்.