முகாமில் ஒரு மணி நேரத் தொழில்முனைவு

நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் நிகழ்ச்சி நிரல் தஞ்சைப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் கோயில் வளாகத்திலோ குளத்தங்கரையிலோ சிரமதானம், பிற்பகலில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சிறப்புரை, இருட்டியதும் கலை நிகழ்ச்சி. மரம் நடுதல், டெங்கு ஒழிப்பு, போதைப் பொருள் எதிர்ப்பு என்று வழக்கமாக வரும் உரைகளோடு சுயதொழிலும் நிதி விழிப்புணர்வும் சேர்ந்துவிட்டன. வேலை தேடாதே, வேலை கொடு. வருமானத்தில் ஒரு பங்கைச் சேமி. முத்ரா கடனுக்கு விண்ணப்பம் போடு என்று கல்லூரி மாணவர்கள் ஊர் இளைஞர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அக்கறைக்கு மதிப்பெண் போட்டுவிட்டு எழுந்து போக முடியாது. கேட்டுக்கொண்டிருந்த இளைஞனின் பிழைப்பில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். ஒரு தொண்டர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் உழைக்க வேண்டும். 7 நாள் சிறப்பு முகாம் தனி. 2014-ல் வந்த உன்னத் பாரத் அபியான், கல்வி நிறுவனங்களைக் கிராமங்களைத் தத்தெடுக்கச் சொன்னது. ஆக, ஆளுக்கும் நேரத்துக்கும் பஞ்சமில்லை. 240 மணி நேரத்தில் ஒருவருக்கு ஒரு கைத்தொழிலையே ஓரளவு பழக்கிவிடலாம். அந்த நேரம் மணிமணியாக நறுக்கப்பட்டுப் பத்துத் தலைப்புகளில் சிதறிப்போகிறது. சிதறுவதற்குக் காரணமும் இருக்கிறது. கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் மதிப்பீட்டில் விரிவாக்கப் பணிகளும் அடக்கம். எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பேர், படம் எங்கே என்பதுதான் அங்கே எடுபடும் சான்று. ஒரே இளைஞனோடு 20 முறை உட்கார்ந்து பேசினால் அது ஒரு நிகழ்ச்சி. 20 ஊர்களில் பேனர் கட்டினால் 20 நிகழ்ச்சி. பேராசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

இந்த நோய் நம் ஊருக்கு மட்டும் வந்ததில்லை. 1975-ல் அமெரிக்காவில் தொடங்கி 2012-ல் எனாக்டஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பு, மாணவர்களைத் தொழில்முனைவுப் பணிக்கு அனுப்புகிறது. ஆண்டு முடிவில் அவர்கள் தொழிலதிபர்கள் முன்னால் மேடையேறிப் போட்டியிடுகிறார்கள். மேடைக்குத் தேவை நல்ல கதை. இரண்டாம் ஆண்டில் மூடப்பட்ட கடையைப் பற்றி யாரும் ஸ்லைடு போடுவதில்லை.

சான்றுகள் என்ன சொல்கின்றன? தொழில்முனைவுப் பாதியை முதலில் எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்தில் மாணவர்கள் சிறு நிறுவனம் நடத்திப் பார்க்கும் புகழ்பெற்ற பயிற்சி ஒன்றை ஊஸ்டர்பீக்கும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களின் திறன் கூடவில்லை. தொழில் தொடங்கும் ஆசையோ குறைந்திருந்தது. ஆசை குறைந்ததை நான் தோல்வியாகக் கொள்ள மாட்டேன். தனக்கு ஒத்துவராது என்று கடன் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது லாபம்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில்காரர்களை வைத்து நடந்து 2017-ல் வெளியான ஆய்வு இதைவிடக் கூர்மையானது. கணக்கு, சந்தை, விலை என்று போகும் வழக்கமான பயிற்சி லாபத்தில் உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் எதையும் தரவில்லை. தானாக முன்வந்து செய்வதையும் தடை வந்தால் வேறு வழி பார்ப்பதையும் பழக்கிய பயிற்சி லாபத்தை 30 சதவீதம் உயர்த்தியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த 1,500 பேரும் ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்கள். அப்பாவின் கூலியில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் 19 வயதுப் பையன் அந்தக் கணக்கில் வரமாட்டான்.

டெல்டாவில் அந்தப் பையனின் நிலை என்ன? ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் சம்பாவை நம்ப வேண்டியதுதான். நிலம் வைத்திருப்பவருக்கே பணம் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் கையில் புரளும். அதுவும் நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருந்தால். நிலமில்லாதவருக்கு நடவும் அறுப்பும், அறுப்பையும் இயந்திரம் கொண்டுபோன பிறகு மூட்டை தூக்குவதும் மிச்சம். ஊரில் கடை வைத்தால் வாங்குகிறவர்களும் இதே ஆட்கள்தான். தை, மாசியில் ரொக்கம் வரும், ஐப்பசி, கார்த்திகையில் கடன் நோட்டுப் புத்தகம்தான் நிறையும். சேரியிலிருந்து ஒருவர் ஊருக்குள் டீக்கடை போட்டால் யார் வந்து குடிப்பார்கள் என்ற கேள்வியை முகாமில் எந்த மாணவரும் எழுப்புவதில்லை. எழுப்பினால் பஞ்சாயத்துத் தலைவர் அடுத்த ஆண்டு முகாமுக்கு இடம் தரமாட்டார் என்ற அச்சமும் இருக்கலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தென்னை காய்ப்புக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். கடன் தவணைக்கு அத்தனை பொறுமை கிடையாது. நட்டத்துக்கு ஓர் அத்தியாயம் இல்லாத தொழில்முனைவுப் பாடத்தை இந்த மண்ணில் நடத்துவது பொறுப்பற்ற செயல்.

இங்கே தொழில் கற்றுத்தரும் இடங்கள் இல்லாமல் இல்லை. நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறையிலும் சுவாமிமலைச் சிற்பக் கூடத்திலும் திருபுவனத்துத் தறியிலும் தொழிலையும் வியாபாரத்தையும் பிரித்துச் சொல்லித் தருவதில்லை. பித்தளை என்ன விலை, யாரிடம் கடனுக்கு வாங்கலாம், எந்த வியாபாரி பணத்தை இழுத்தடிப்பார் என்பதெல்லாம் உருக்குவதோடும் வார்ப்பதோடும் சேர்ந்தே வருகிறது. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களும் உண்டு. 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தல அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய முன்மாதிரி அது. இன்று மாவட்டந்தோறும் இப்படி ஒரு நிலையத்தை ஒரு வங்கி நடத்துகிறது. சோறும் படுக்கையும் இலவசம், பயிற்சி வாரக்கணக்கில், முடிந்த பிறகு இரண்டு ஆண்டு பின்தொடர்தல், கடன் கொடுக்கும் வங்கியே பக்கத்தில். இதற்கு முன்னால் முகாம் மாணவரின் ஒரு மணி நேர உரை நிற்க முடியாது. நிற்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த நிலையத்தின் முகவரியைச் சொல்லி, முதல் நாள் கூடவே பஸ் ஏறிப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தாலே போதும்.

நிதிப் பாதிக்கு வருவோம். இங்கே வழக்கு இவ்வளவு எளிதில் முடியாது. ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டமேயர் மூவரும் 2014-ல் 168 கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்து, மக்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் காணப்படும் வேறுபாட்டில் நிதிக் கல்வியின் பங்கு 0.1 சதவீதம்தான் என்றார்கள். படித்தது காலப்போக்கில் மறந்தும் போகிறது. முடிவெடுக்கும் தருணத்தை ஒட்டிச் சொன்னால்தான் பயன் என்பது அவர்கள் கருத்து. 2022-ல் கைசரும் மற்றவர்களும் 76 சோதனை ஆய்வுகளைத் திரட்டி, அவ்வளவு மோசமில்லை, பலன் தெளிவாகவே தெரிகிறது என்று மறுத்தார்கள். எனக்கு இவ்விரண்டையும்விட டொமினிக்கன் குடியரசு ஆய்வு உதவியாக இருக்கிறது. அங்கே முறையான கணக்கியல் சொல்லிக் கொடுத்தவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் கலக்காதே என்பது போன்ற ஓரிரு எளிய விதிகளை மட்டும் சொல்லிக் கொடுத்தவர்களிடம் தெரிந்தது. பி.காம். பாடத்தைச் சுருக்கி ஊரில் ஒப்பிப்பவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

சேமிப்புப் பாடத்தின் அடிப்படையிலேயே ஒரு தப்பெண்ணம் இருக்கிறது: ஏழைக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது என்பது. வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்றிலும் ஏழைக் குடும்பங்களின் ஓராண்டு வரவு செலவை ஆய்வாளர்கள் நாட்குறிப்பாக எழுதி 2009-ல் நூலாக வெளியிட்டபோது, நான்கு வகைக்குக் குறைவான நிதி ஏற்பாடுகளோடு வாழ்ந்த குடும்பம் ஒன்றுகூட இல்லை. ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கூலித் தொழிலாளிப் பெண் ஒருவரைக் கேளுங்கள். மகளிர் குழுச் சந்தா, வாரக் குழு லோன், ஏலச்சீட்டு, கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்த தோடு, மளிகைக் கடைப் பற்று, நாத்தனாரிடம் கைமாற்று, மொய் நோட்டு எல்லாம் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அவருடைய மகனுக்குச் சேமிப்பின் அவசியத்தை விளக்குவது வீண் வேலை.

அவர்களிடம் இல்லாதது தாளில் இருப்பதைப் படித்து ஒப்பிட்டுக் காட்ட ஒரு துணை. நூறு நாள் தண்டலையே பார்ப்போம். 10,000 ரூபாய் என்று பேச்சு. 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்டால் பத்து சதவீத வட்டி என்பார்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரையத் தொடங்குகிறது. 50-ஆம் நாளில் 5,000 திரும்பிப் போயிருக்கும். சராசரியாக அவரிடம் தங்கியிருப்பது 9,000-ல் பாதியளவுதான். அந்தப் பாதிக்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கு மேல் போகிறது. கரும்பலகையில் ஐந்து நிமிடக் கணக்கு. இதைத் தெரிந்துகொண்டதும் தண்டல் வாங்குவதை விட்டுவிடுவார்களா? மாட்டார்கள். தண்டல்காரர் விடியற்காலையில் வாசலுக்கு வருகிறார், ஆதார் நகல் கேட்பதில்லை. அதனால் அந்தக் கணக்குக்குப் பக்கத்திலேயே மாற்று வழியையும் எழுதிக் காட்ட வேண்டும். கும்பகோணம், தஞ்சாவூர் மாநகராட்சிகளில் தெருவோரம் கடை போடுகிறவருக்கு 2020-ல் வந்த ஸ்வநிதி கடன் உண்டு. அதற்குத் தெரு வியாபாரி அடையாள அட்டையோ மாநகராட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். அதை வாங்க எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவர்தான் இங்கே ஆசிரியர்.

இப்படிப்பட்ட வேலை மாணவர்களுக்கு நன்றாகவே வரும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி நுண்கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் விவரத்தாள் கொடுக்க வேண்டும். குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு நெருக்கக் கூடாது. இவை வீட்டுத் திண்ணைவரை வந்து சேரவில்லை. போனில் கடன் தரும் செயலி தொடர்பு எண்களையெல்லாம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கும்போது எங்கே விரல் வைக்கக் கூடாது என்பதை 20 வயது மாணவர் சொன்னால் 18 வயதுப் பையன் கேட்பான். வங்கி மேலாளர் சொன்னால் கேட்க மாட்டான். ஆமதாபாத்தில் சேவா வங்கியின் வாடிக்கையாளர் பெண்களுக்கு நடந்த பயிற்சியில், தோழியோடு வரச் சொல்லி அழைக்கப்பட்டவர்களே அதிகம் பயனடைந்தார்கள் என்று 2016-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. சம வயதுத் துணைக்கு இருக்கும் பலம் இதில் தெரிகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. சரபோஜி கல்லூரியிலும் குந்தவை நாச்சியார் கல்லூரியிலும் படிப்பவர்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். அவர்கள் அம்மாவும் ஏதோ ஒரு குழுவில் கையெழுத்துப் போட்டவர்தான். கார் நிறுத்த இடம் தேடும் கல்லூரியிலிருந்து வரும் மாணவரைவிட, இந்தப் பாடத்துக்கு இவர்களே தகுந்தவர்கள்.

என் தீர்ப்பு இது. முகாம்களிலிருந்து தொழில்முனைவு உரையை எடுத்துவிட வேண்டும், திருத்திப் பயனில்லை. ஆர்வமுள்ளவரைப் பயிற்சி நிலையத்தில் சேர்ப்பது, மாவட்டத் தொழில் மையத்துக்குக் கூடப் போவது, கொட்டேஷன் வாங்கித் திட்ட அறிக்கை எழுத உதவுவது, பட்டியல் இனத்தவருக்கு 35 சதவீத முதலீட்டு மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் திட்டத்துக்கு விண்ணப்பத்தை ஏற்றிக் கொடுப்பது ஆகியவை அந்த இடத்தில் வரட்டும். நிதிக் கல்வி இருக்கட்டும். ஆனால் உரையாக வேண்டாம், குழுக் கடனின் தவணை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் நடக்கட்டும்.

இதற்கு எழும் வலுவான மறுப்பு காலத்தைப் பற்றியது. கடன் வாங்கும் நேரம் வைகாசி, ஆனி. விதை நெல், பள்ளிக் கட்டணம், கல்லூரிச் சேர்க்கை எல்லாம் ஒன்றாக வந்து நிற்க, தோடு சங்கத்துக்குப் போவது அப்போதுதான். அந்த நேரத்தில் கல்லூரிக்கு விடுமுறை, முகாம் போட முடியாது என்பார்கள். விடுமுறையில் மாணவர் எங்கே இருப்பார்? பாபநாசத்திலோ திருவையாற்றிலோ தன் ஊரில்தான் இருப்பார். சொந்தத் தெருவில் நான்கு வீட்டுத் தவணை அட்டைகளைப் படித்துக் கொடுத்த நேரத்தை 240 மணி நேரத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். பேனர் செலவும் மிச்சம்.