மதில்களா, முகவரிகளா?

ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றி வந்தவர்களுக்கு அதன் ஏழு பிராகாரங்கள் பழக்கமானவை. அடையவளஞ்சான் வீதிக்குள் சித்திரை வீதி, அதற்குள் உத்திர வீதி என ஒன்றினுள் ஒன்றாக அமைந்தவை. கணிப்பொறி மொழிகளில் வரும் ‘பட்டியலுக்குள் பட்டியல்’ என்பதை விளக்க, திருச்சி மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை ஏது? நானும் பல முறை இதையே சொல்லி வந்தேன். அது தவறு என்பதை ஒரு மாணவனின் கணக்குதான் எனக்குக் காட்டியது.

இரும்புத் தகடு ஒன்றில் வெப்பம் பரவுவதைக் கணக்கிட அவன் முற்பட்டான். ஒன்பது புள்ளிகள், தொடக்கத்தில் எல்லாம் பூஜ்யம். பைதான் மொழியில் சுருக்கமாக இப்படி எழுதினான்:

தகடு = [[0] * 3] * 3

பிறகு நடுப்புள்ளியை மட்டும் சூடாக்கினான்:

தகடு[1][1] = 100

விடையைப் பாருங்கள்: மூன்று வரிசைகளிலும் நடு எண் 100 ஆகிவிட்டது! பையன் அன்று மாலை முழுவதும் வெப்பச் சமன்பாட்டில் பிழை தேடினான். சமன்பாடு சரியாகவே இருந்தது. பிழை என் உவமையில் இருந்தது.

ஒரு மதில் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும். உள்பட்டியலோ அப்படியன்று. வெளிப்பட்டியல் தன்னுள் வைத்திருப்பது உள்பட்டியலை அல்ல. அது இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு ‘சுட்டை’, அதாவது ரெஃபரன்ஸை மட்டுமே. மூன்று நண்பர்களிடம் சித்திரை வீதி வீடு ஒன்றின் முகவரிச் சீட்டு இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒருவர் போய் அந்த வீட்டுக்கு மஞ்சள் வண்ணம் அடித்தால், மற்ற இருவரும் மஞ்சள் வீட்டையே காண்பார்கள். மேலே உள்ள பெருக்கல் குறி வீட்டைப் பெருக்கவில்லை, சீட்டைத்தான் பெருக்கியது.

பரிகாரம் எளிது. ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே புதிதாக உருவாக்க வேண்டும். படியெடுக்கும்போதும் கவனம் தேவை: சாதாரணப் படி வெளிப்பட்டியலை மட்டும் புதிதாக்கும், ‘டீப்காப்பி’ உள்ளே இருப்பவற்றையும் புதிதாக்கும்.

இதில் மொழியின் பங்கும் உண்டு. பெர்ல் மொழியில், 1994இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் சுட்டுகள் உண்டு. அங்கே சுட்டை எடுக்கப் பின்சாய்கோடு, பின்தொடர அம்புக்குறி எனத் தனிக் குறிகள் இருக்கின்றன. பார்வைக்குக் கரடுமுரடுதான். இதே பிழை அங்கும் நேரலாம். ஆனால் சுட்டு ஒன்று இருப்பதையாவது கண் காணும். பைதான் அதை மறைத்து வைக்கிறது. எழுதுவோருக்கு அது வசதி. கற்போருக்கு அதுவே பொறி.

உவமையே கூடாது என்பதல்ல என் கருத்து. அணுவைச் சூரிய மண்டலமாகக் காட்டும் படத்தை இயற்பியலில் இன்றும் வரைகிறோம். எலெக்ட்ரான் கோளைப் போலச் சுற்றுவதில்லை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். உவமையைத் தரும் ஆசிரியர் அது எங்கே முறிகிறது என்பதையும் சேர்த்தே தர வேண்டும். மாணவர்களே, அவர் சொல்ல மறந்தால் நீங்கள் கேளுங்கள்.