விரலுக்காக நிற்காத புத்தகம்

ஏழாம் பக்கத்தில் ஏழு அணில்கள். பக்கத்திலிருக்கும் பொத்தானை அழுத்தினால் பாட்டு தொடங்குகிறது. என் மகள் முதல் அணிலின் மேல் விரலை வைத்து “ஒண்ணு” என்கிறாள். மூன்றாவது அணிலுக்கு அவள் விரல் போய்ச் சேரும்போது புத்தகம் ஏழையும் எண்ணி முடித்து, கைதட்டல் ஒலி எழுப்பி, “சபாஷ்” சொல்லிவிடுகிறது. அவள் விரலை எடுத்துக்கொள்கிறாள். மிச்சம் நாலு அணில்களும் எண்ணப்படாமலே நிற்கின்றன.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் ஆறு வாரமாக இந்தப் பேசும் புத்தகம் இருக்கிறது. இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேனோ தெரியாது. பார்த்த ஒவ்வொரு முறையும் மனசு சங்கடப்பட்டது. மகளுக்கு மூன்றரை வயது. எண்ணக் கற்றுக்கொள்வதற்காகத்தான் வாங்கினோம்.

புத்தகத்தின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளை இருக்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்து கெட்டி அட்டைப் பக்கங்கள், பக்கத்துக்கு ஒரு எண், ஒரு பாட்டு, ஓரத்தில் வரிசையாகப் பத்துப் பொத்தான்கள், ஒரு சின்ன ஸ்பீக்கர், பின்னால் மூன்று பட்டன் பாட்டரி. 900 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. எந்த நிறுவனம் என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. தெரிந்தவர்கள் வீடுகளில் இதே வகைப் புத்தகங்கள் இன்னும் நாலைந்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இதே கோளாறு. ஒரு பெயரை மட்டும் சொல்லிக் குற்றம் சாட்டுவது நியாயமாகாது.

ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாட்டரி மூடியை ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருக்கிறார்கள். பட்டன் பாட்டரியைப் பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். லித்தியம் வகை இன்னும் மோசம். ஸ்க்ரூ இல்லாத மூடியுள்ள பேசும் பொம்மை எதையும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வீட்டுக்குள் விடாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாங்கிய இரண்டாவது வாரத்திலேயே மகள் ஒன்றிலிருந்து பத்துவரை தடையில்லாமல் சொல்லிவிட்டாள். ராகத்தோடு சொன்னாள். எங்களுக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை. அவளுடைய ஆயா (பாட்டி) மட்டும் ஒன்றும் பேசாமல், வறுத்த மல்லாட்டையில் (வேர்க்கடலை) நாலை எடுத்துத் தரையில் வைத்து, “எத்தினி இருக்குது, எண்ணு பாப்பா” என்றார். மகள் நாலின் மேலும் விரலை ஓட்டிக்கொண்டே பாட்டைப் பாடினாள். பத்துவரை பாடினாள். பாடி முடித்துத் தனக்குத்தானே கைதட்டி “சபாஷ்” என்றாள்.

நாலு மல்லாட்டைக்குப் பத்து. அவள் தப்பு செய்யவில்லை, புத்தகம் கற்றுக்கொடுத்ததை அப்படியே செய்தாள். பாட்டு முடியும்போது எண்ணிக்கையும் முடிந்துவிடுகிறது என்றுதான் அது அவளுக்குக் காட்டியிருந்தது.

ரோச்சல் கெல்மன், சார்லஸ் கேலிஸ்டல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், சின்னப் பிள்ளைகள் எப்படி எண்ணுகிறார்கள் என்பதைப் பற்றி 1978-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். எண்ணுவதற்கு அடிப்படையாக ஐந்து விதிகளை அதில் சொல்கிறார்கள். முதல் விதி, ஒரு பொருளுக்கு ஒரு சொல். எதையும் விட்டுவிடக் கூடாது, எதையும் இரண்டு தரம் எண்ணக் கூடாது. இன்னொரு விதி, கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தத் தொகை. பாட்டால் பிள்ளைக்குக் கிடைப்பது இன்னொன்று மட்டும்தான்: சொற்களின் வரிசை. அதுவும் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் விரலும் பொருளும் சொல்லும் ஒரே நொடியில் சந்திக்கிற இடத்தில்தான் எண்ணிக்கை பிறக்கிறது. மூன்றரை வயது விரல் மெதுவாகத்தான் போகும். ஒரு அணிலின் வாலைத் தடவிப் பார்க்கும், அது என்ன தின்கிறது என்று கேட்கும், பிறகுதான் அடுத்ததுக்கு நகரும். இந்தப் புத்தகம் அதற்காக ஒரு நொடிகூட நிற்பதில்லை.

அந்தச் “சபாஷ்” வேறு. பிள்ளை எண்ணினாலும் சபாஷ், எண்ணாவிட்டாலும் சபாஷ். ஒருநாள் மூன்றாம் பொத்தானை அழுத்திவிட்டு மகள் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டாள். ஆளில்லாத கூடத்தில் புத்தகம் எண்ணிப் பாராட்டிக்கொண்டிருந்தது. பாராட்டு என்பது பிள்ளை செய்ததைப் பார்த்தவர் சொல்வது. பார்க்காமல் வருகிற பாராட்டைக் கேட்டுப் பழகிய பிள்ளை, தான் செய்தது சரியா என்று திரும்பிப் பார்ப்பதை விட்டுவிடுகிறது. என் மகள் விட்டுவிட்டாள். எனக்கு இதில் பெரிய வருத்தம் அதுதான்.

தெருவில் மற்ற பெற்றோர்களிடமும் விசாரித்தேன். கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு அம்மா இதை விட்டுக்கொடுக்கவே இல்லை. “காலையில ஆறிலிருந்து எட்டுவரை நான் அடுப்படியில நிக்கணும் அண்ணா. அந்த நேரத்துல செல்லைக் கையில குடுக்காம இருக்க இதுதான் வழி” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செல்போனோடு ஒப்பிட்டால் இந்த அட்டைப் புத்தகம் எவ்வளவோ மேல். ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி, “பையன் இருபதுவரை சொல்றான் சார். ஆனா பிஸ்கட் மூணு எடுன்னா கைநிறைய அள்றான்” என்றார். அரசுத் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுக்கும் ஒரு ஆசிரியை, 2022-ல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருப்பவர், வேறொன்று சொன்னார். பாட்டாக நூறுவரை ஒப்பிக்கும் பிள்ளைகளும் அவர் வகுப்புக்கு வருகிறார்களாம். அவர்கள் முன் புளியங்கொட்டையைக் கொட்டி, ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்து எண்ணச் சொல்வதிலிருந்துதான் தொடங்குகிறாராம். “பாட்டு தப்பில்லைங்க. பாடுறவங்க பிள்ளை மூஞ்சியைப் பார்த்துப் பாடணும்” என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் என்னையே கவனித்தேன். புத்தகம் பாடும்போது நான் வாயைத் திறக்கவில்லை. மனைவியும் திறக்கவில்லை. அமெரிக்காவில் அன்னா சோசா என்ற ஆய்வாளர் இதையே அளந்து பார்த்திருக்கிறார். 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர், அவர்களுடைய பெற்றோர், மூன்று வகை விளையாட்டுப் பொருள்கள்: ஒலி எழுப்பும் பொம்மைகள், சாதாரண பொம்மைகள், அட்டைப் புத்தகங்கள். 2015 டிசம்பரில் வந்த அந்த ஆய்வின்படி, ஒலிப் பொம்மையோடு இருந்தபோது பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்தன, குழந்தைகள் எழுப்பிய ஒலியும் குறைந்தது. அதிகப் பேச்சு வந்தது பேசாத புத்தகத்தோடு இருந்தபோதுதான். எங்கள் கூடத்தில் நடந்ததும் அதேதான்.

அடுத்து மொழி. இதை எழுதாமல் என்னால் விட முடியாது.

நாங்கள் வீட்டில் சொல்வது ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. புத்தகம் பாடுவது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எழுத்துத் தமிழ் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எண்ணவே தொடங்காத வயதில் இரண்டையும் கலந்து காதில் போட்டால் என்ன ஆகிறது? என் மகள் ஒரு வாரம் முழுக்க “மூணு, நாலு, நான்கு, அஞ்சு” என்று எண்ணினாள். அவளைப் பொறுத்தவரை நாலு ஒரு எண், நான்கு அதற்கு அடுத்த எண். படிக்கட்டில் ஏறும்போதும் அப்படித்தான். ஒரு படி அதிகமானது எங்களுக்குப் புரியவே இரண்டு நாள் ஆனது.

பாட்டும் தமிழ்ப் பாட்டாக இல்லை. ஆங்கிலப் பாட்டு ஒன்றை எடுத்து, வரியின் கடைசியில் ஒலி ஒத்துப்போனால் போதும் என்று சொற்களைத் திணித்திருக்கிறார்கள். நம் காதுக்குப் பழக்கம் எதுகையும் மோனையும். வரியின் தொடக்கத்திலேயே ஒலி நம்மைப் பிடித்துக்கொள்ளும். பேச்சுத் தமிழின் எண்களை வாயில் போட்டுப் பாருங்கள். ரெண்டு என்றால் வண்டு வந்து நிற்கிறது. அஞ்சுக்குப் பஞ்சும் பிஞ்சும் இருக்கின்றன. எட்டுக்குத் தட்டு, பத்துக்குக் கொத்து. ஆறுக்குச் சோறு, நாலுக்கு வாலு, பாலு எல்லாம் இருக்கின்றன. பிள்ளைக்குத் தெரிந்த பொருள்களெல்லாம் எண்களுக்கு எதுகையாகவே காத்திருக்கின்றன. நான்குக்கு இந்த வசதி இல்லை. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே நாற்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதிய அழ. வள்ளியப்பாவின் தமிழ்நாட்டில், நம் பிள்ளைகளின் வாயில் புழங்கும் எண்களை வைத்துப் பத்துப் பாட்டெழுத ஆளா கிடைக்கவில்லை?

ஆயாவிடம் அஞ்சாங்கல் இருந்தது. ஒரு கல்லை மேலே வீசி, அது இறங்குவதற்குள் கீழே இருப்பதை அள்ள வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொன்றாக, அடுத்ததில் இரண்டிரண்டாக. அதற்கும் பாட்டு உண்டு. ஆனால் பாட்டு ஆடுகிறவளுடையது. கை தயாராகும்வரை அடுத்த வரியை அவள் எடுக்க மாட்டாள்.

சரி, விரலுக்காக நிற்கிற புத்தகம் கிடைக்கிறதா என்றால், கிடைக்கிறது. சென்னையின் தாரா புக்ஸ் 2003-ல் வெளியிட்ட ‘ஒன், டூ, ட்ரீ!’ எங்கள் வீட்டில் இருக்கிறது. அனுஷ்கா ரவிசங்கரும் சிரீஷ் ராவும் எழுதியது. படங்கள் மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர் துர்காபாய் வியாம் வரைந்தவை. 2022-ல் பத்மஸ்ரீ பெற்றவர் அவர். ஒன்றில் தொடங்கிப் பத்துவரை விலங்குகள் கூட்டம் கூட்டமாக ஒரே மரத்தில் ஏறுகின்றன, மரம் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஆங்கிலப் புத்தகம், ஆனால் நான் எங்கள் பேச்சிலேயே சொல்கிறேன். மகள் ஒவ்வொரு விலங்கையும் தொட்டுவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்ப விடுகிறாள். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகிறது. செல்லில்தான் படிப்போம் என்பவர்களுக்குப் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இருக்கிறது. தமிழிலும் படக்கதைகள் ஏராளம், காசு இல்லை. அங்கே நாமே படிக்கிற கதைகளில் பக்கம் தானாக ஓடாது, நாம் தள்ளினால்தான் நகரும். அந்தச் சின்ன வித்தியாசம்தான் எனக்கு எல்லாமே.

ஐந்தாவது வாரம் பேசும் புத்தகத்தின் ஸ்க்ரூவைக் கழற்றி மூன்று பாட்டரியையும் எடுத்துவிட்டேன். இரண்டு நாள் மகள் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். மூன்றாம் நாள் என் கையைப் பிடித்து இழுத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்தாள். அப்போதுதான் இந்தப் புத்தகத்தின் படங்கள் எவ்வளவு நன்றாக இருக்கின்றன என்று நானே கவனித்தேன். அணில்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொன்று தின்கின்றன. ஒன்று கொய்யா, ஒன்று மாங்கொட்டை. வரைந்தவர் ஒவ்வொரு அணிலுக்காகவும் யோசித்திருக்கிறார். அந்த உழைப்பையெல்லாம் பாட்டின் வேகம் பார்க்கவிடாமல் செய்திருக்கிறது. ஏழு அணில்களை எண்ண அன்றைக்குப் பத்து நிமிஷம் ஆனது. எண்ணி முடித்து “ஏழு” என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தேரடி வீதியில் நின்று கோயில் ராஜகோபுரத்தைக் காட்டினேன். 217 அடி உயரம், 11 நிலை, ஒவ்வொரு நிலைக்கும் நடுவில் ஒரு வாசல். கீழிருந்து விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள். ஆறில் ஒரு புறா பறந்தது, விட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். பத்துவரை சரியாக வந்தாள். மேலே இன்னும் ஒரு வாசல் மிச்சம் இருந்தது. விரலை அங்கேயே நீட்டிப் பிடித்துக்கொண்டு, “இதுக்கு இன்னா பேருப்பா?” என்று கேட்டாள்.

இந்தப் புத்தகங்களைச் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பக்கத்துக்கு ஒரு பொத்தான் என்பதை மாற்றுங்கள். ஒரு அழுத்தலுக்கு ஒரு எண் மட்டும் ஒலிக்கட்டும். பிள்ளை அடுத்த அணிலைத் தொட்டு அழுத்தினால்தான் அடுத்த எண் வரட்டும். இதற்கு விலையுயர்ந்த பாகம் எதுவும் வேண்டியதில்லை. எண்களை நாங்கள் பேசுகிற மாதிரி சொல்லுங்கள். கைதட்டலை எடுத்துவிடுங்கள், அதை நாங்கள் செய்துகொள்கிறோம்.

அதுவரை, எண்ணக் கற்றுக்கொடுக்க என்று இதை வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பாட்டரியை எடுத்துப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.