கூடிக் கட்டும் வீடு: யாருடைய உழைப்பு, யாருடைய முடிவு?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவுக்குப் பின் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட, அரகண்டநல்லூர் உள்ளிட்ட தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மண்சுவர்க் குடிசையில் இருப்பவருக்கு அப்படியோர் இரவு போதும், வாழ்நாள் சேமிப்பு போய்விடும். பேரிடர் வரும்போதெல்லாம் ஒரு யோசனையும் கூடவே வரும்: தொண்டு நிறுவனம் பணம் திரட்டட்டும், தன்னார்வலர்கள் வந்து உழைக்கட்டும், வீடு பெறப்போகிறவர்களும் சேர்ந்து கல் சுமக்கட்டும். அதே மாவட்டத்தின் முகையூர் ஒன்றியம் போன்ற பகுதிக்கு இது உண்மையில் எந்த அளவுக்கு உதவும் என்று எடைபோட்டுப் பார்ப்பது நம் கடமை.

இந்த முறையை உலகறியச் செய்தது ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி. 1976-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மில்லார்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் தொடங்கியது. அதன் மூல விதிகள் கறாரானவை. வீடு இலவசம் அல்ல. இலாபமும் வட்டியும் இல்லாமல் தவணையில் கட்டித் தீர்க்கவேண்டும். அந்தத் தவணைப் பணம் அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குப் போகும். வீட்டுக்காரரும் குறிப்பிட்ட மணி நேரம் உடலுழைப்புத் தரவேண்டும். இந்தியாவில் 1983-ல் கம்மத்தில் கால்பதித்தது. 2006-ல் லோனாவாலா அருகே முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தலைமையில் பல நாட்டுத் தன்னார்வலர்கள் ஒரே வாரத்தில் 100 வீடுகள் எழுப்பும் பணியில் இறங்கியது அதன் பெயர்பெற்ற நிகழ்வு.

முதலில் செலவு. ஒரு கான்கிரீட் வீட்டில் பெரும்பணம் சிமென்ட், கம்பி, செங்கல், எம்-சாண்ட் ஆகியவற்றுக்கும், கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆட்களின் கூலிக்கும் போகிறது. தன்னார்வலரின் கை மிச்சப்படுத்துவது சித்தாள் கூலியை மட்டுமே. தூக்குக்குண்டு பிடித்துச் சுவரெழுப்பும் கொத்தனார், புதியவருக்குக் கற்றுக்கொடுக்க வேலையை நிறுத்தவும் வேண்டும். மேலும், விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்துதான் ஆணும் பெண்ணுமாகச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போகிறார்கள். வேலை தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் வந்து உழைத்தவர் ஊர் திரும்பிப் பணம் திரட்டித் தருகிறார் என்றால், அது மெய்யான பங்களிப்பு. உழைப்பைவிட அந்தப் பணமே வீட்டைக் கட்டுகிறது.

அடுத்தது வீட்டுக்காரரின் உழைப்பு. மாதச் சம்பளக்காரர் சனிக்கிழமை வந்து கல் எடுத்துக் கொடுப்பதும், அன்றாடக் கூலிக்காரர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பதும் ஒன்றல்ல. பின்னவருக்கு அது அன்றைய உலையில் வேகவேண்டிய அரிசி. ஈடு கொடுக்காமல் உழைப்பைக் கட்டாயமாக்கினால், ஏழையிடம் வரி வாங்குவதற்குச் சமம். இந்த ஒரு விஷயத்தில் அரசுத் திட்டம் தொண்டு நிறுவனத்தைவிடத் தெளிவாக யோசித்தது. 2016-ல் வந்த பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில், வீட்டுக்காரர் தன் வீட்டுக்காக உழைக்கும் 90 நாட்களுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து கூலி தர வகை செய்யப்பட்டது.

எந்த உழைப்பு கணக்கில் ஏறுகிறது என்பதும் முக்கியம். கான்கிரீட் போடும் நாளில் கூட்டம் இருக்கும். மெஷின் ஓடும், சட்டி கைமாறும், படமும் எடுப்பார்கள். மறுநாள் காலையிலிருந்து தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கவேண்டும். இரண்டு வாரமாவது அது காயாமல் பார்க்கவேண்டும். காய்ந்தால் தளம் வெடிக்கும், ஒழுகும். தெருக்குழாயில் குடம் நிரப்பி, ஏணியில் ஏறி அதைச் செய்கிறவர் அந்த வீட்டுப் பெண். வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும் அந்த வேலைக்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் கிடையாது.

மூன்றாவது, முடிவெடுக்கும் உரிமை. என் பார்வையில் இதுவே தலையான அளவுகோல். 2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கடற்கரையில் வீடு கட்டும் பொறுப்பில் பெரும்பங்கு தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. சுமார் 300 சதுர அடி, ஒன்றரை லட்சம் ரூபாய் அளவிலான வீடுகள். பல இடங்களில் ஒப்பந்ததாரர்களே கட்டினார்கள். மீனவர் வாழ்க்கைக்கு வேண்டிய திண்ணையும் மரநிழலும் இல்லாமல் வரிசை வரிசையாக ஒரே அச்சு. மாறாக, 2001 பூகம்பத்துக்குப் பின் குஜராத்தில் பெரும்பாலான குடும்பங்களிடம் பணம் தவணையாகத் தரப்பட்டது. பொறியாளரின் மேற்பார்வையும் கொத்தனார் பயிற்சியும் உடன் வந்தன. தாங்களே பொறுப்பேற்றுக் கட்டிய குடும்பங்களிடமே மனநிறைவு அதிகம் என்று ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம்மிடமே இன்னும் நல்ல முன்மாதிரி உண்டு. காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் 1981-ல் தொடங்கிய லாப்டி அமைப்பு, கீழத்தஞ்சையில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தது; வீடு கட்டும் வேலை அதன் பிறகே வந்தது. அந்த வரிசையில்தான் பாடம் இருக்கிறது. காலடியில் உள்ள மண் தன் பெயரில் இல்லாதவருக்கு யார் வந்து செங்கல் சுமந்தும் பயனில்லை.

எதிர்வாதம் ஒன்றையும் மதிக்கவேண்டும். தலித் காலனிக்குள் ஒருநாளும் காலடி வைக்காத ஒருவர் அங்கே சாந்துச்சட்டி தூக்கி, அங்குள்ள வீட்டில் உண்பது சிறிய செய்தி அல்ல. ஆனால் அந்த நன்மை சென்னையிலிருந்து வேனில் வருபவரால் விளைவதைவிட, அதே ஊரின் மறுதெருக்காரர் வரும்போதே நிலைக்கும். தன்னார்வலரைத் தேடவேண்டிய இடம் அந்தத் தெரு.

ஆகவே என் தீர்ப்பு இது. கூடிக் கட்டும் முறை கொள்கையில் சரி; தன்னார்வலர் கையை மையமாக வைத்து நடத்தும் விதம் முகையூருக்குப் பொருந்தாது. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.50 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஆனால் பட்டா வேண்டும், ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின்தான் தவணை வரும். நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் ஏழைக் குடும்பம் வட்டிக்கு வாங்குகிறது. தொண்டு நிறுவனங்கள் அங்கே நிற்கட்டும்: பட்டாவுக்கு அலையும் குடும்பத்துக்குத் துணை, தவணை வரும்வரை வட்டியில்லாக் கைமாற்று, உழைக்கும் நாட்களுக்குக் கூலி, கட்டட வேலையை வாரந்தோறும் வந்து பார்க்கும் ஒரு பொறியாளர். இந்த நான்கையும் தரும் அமைப்புக்கு நன்கொடை கொடுங்கள். படத்துக்காக ஒருநாள் செங்கல் தூக்கக் கூப்பிடும் அமைப்பிடம், சென்ற ஆண்டு கட்டிய வீடுகளின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.