உம் கொட்டுதலும் ஒளித்திரையும்

செய்யுளுக்கு உறுப்பு 34 எனக் கண்ட தொல்காப்பியனார், அவற்றுள் ஒன்றாகக் கேட்போரையும் வைத்தார். மாத்திரையும் அசையும் சீரும் அடியும் உறுப்பாதலை எவரும் எளிதில் ஒப்புவர். செய்யுளுக்குப் புறத்தே நின்று அதனைச் செவிமடுப்பவர் அதன் உறுப்பாவது எங்ஙனம் என்னும் ஐயம் மாணவர்க்கு எழுதல் இயல்பு. இன்னார் கூற்றினைக் கேட்டற்குரியார் இன்னார் என வரையறுத்த அளவில் உரைமரபு பெரிதும் அமைந்துவிட்டது. ஆயினும் நூற்பாவின் கருத்து அவ்வளவில் நிற்பதன்று. சொல்லப்படுவது, யாரை நோக்கிச் சொல்லப்படுகிறதோ அவராலும் உருப்பெறுகிறது என்பதே அதன் உள்ளீடு எனக் கொள்ளுதல் பொருந்தும். இவ்வோர் உறுப்பினை அளவுகோலாகக் கொண்டு, இலக்கிய ஆராய்ச்சியாளர் பெரிதும் பொருட்படுத்தாத ஒரு துறையை, குழந்தைகட்குரிய தொலைக்காட்சியை, ஈண்டு நோக்குவோம்.

குழந்தைக்கும் கதைக்கும் இடையே கேட்போர் என்னும் உறுப்பு எவ்வாறு தொழிற்படுகிறது என்பதற்கு நம் இல்லங்களே சான்று. பாட்டி கதை தொடங்குமுன் விதிக்கும் கட்டுப்பாடு ஒன்றே: குழந்தை 'உம்' கொட்டுதல் வேண்டும். 'உம்' நின்றால் கதையும் நிற்கும். அஃது உறக்கத்தால் நின்றதோ, அச்சத்தால் நின்றதோ, ஐயத்தால் நின்றதோ என்பதனை அவள் நொடிப்பொழுதில் உணர்வாள். உறக்கமாயின் கதை அவ்விடத்தே முடியும். அச்சமாயின் அரக்கன் வரும் வழியில் ஓர் ஆறு குறுக்கிடும். ஐயமாயின் அரசனுக்கு ஓர் அமைச்சன் தோன்றி விளக்கம் கூறுவான். ஒரு கதை இருமுறை ஒன்றுபோல் அமைவதில்லை. அமைந்துவிட்டால், 'நேற்று இப்படிச் சொல்லவில்லையே' என்று குழந்தையே திருத்தும். 'உம்' என்பதைப் பொருளற்ற ஒலிக்குறிப்பு என இலக்கணம் ஒதுக்கலாம். கதைக்கோ அது மூச்சு.

திரை இடையே வந்தால் இம்மூச்சு நின்றுவிடும் என எண்ணுதற்கில்லை. திரை என்னும் சொல் நம் மொழியில் அலையையும் தோலின் சுருக்கத்தையும் குறிப்பதோடு மறைப்பையும் குறிக்கும். அரங்கேற்று காதை கூறும் மூவகை எழினியும் மறைத்தற்கும் தக்கபொழுதில் விலகுதற்கும் உரியனவே. தோற்பாவைக் கூத்திலேதான் மறைக்கும் துணி, காட்டும் துணியாக மாறிற்று. விளக்கொளிக்கும் வெண்டுணிக்கும் இடையே பாவைகளை இயக்குபவர் தாமே பல குரலிற் பேசுவார். காண்போர் முகம் அவருக்குத் தெரியாது. நகைப்பொலி மட்டும் செவிக்கு எட்டும். அது போதுமானதாயிருந்தது. இராமகதையில் யாண்டும் இல்லாத உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இடையே புகுந்து ஊர்ச்செய்தி பேசுவர். நகைப்பு நீளுமளவும் அவர் பேச்சும் நீளும். திரைக்கு அப்பாலிருந்தும் கேட்போர் கூத்தின் உறுப்பாகவே இருந்தனர்.

அவ்வுறுப்பு அறுந்தது திரைப்படத்தில். ஊமைப்படக் காலத்தில் திரையருகே நின்று கதையை விளக்கிச் சொல்பவர் ஒருவர் இருந்தார். படம் பேசத் தொடங்கியதும் அவருக்கு வேலையில்லாது போயிற்று. படச்சுருள் எவர் நகைப்புக்காகவும் நில்லாது. எவர் அழுகைக்காகவும் விரையாது. இக்குறையைத் திரைப்படமே உணர்ந்திருந்தது போலும். 1957இல் விசயா நிறுவனத்தார் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த 'மாயாபசார்' படத்தில், திறந்தவர்க்கு அவர் நெஞ்சிற்கு இனியவரைக் காட்டும் மாயப்பேழை ஒன்று வருகிறது. பலராமன் மகள் அதனைத் திறந்தவளவில் அபிமன்யு அதனுள் தோன்றுகிறான். தோன்றுவதோடு நில்லான், அவளுடன் சேர்ந்து பாடவும் செய்கிறான். தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியது 1959 செப்டம்பர் 15இல். அதற்கு ஈராண்டு முன்னரே நம் கலைஞர் ஒளிப்பேழை ஒன்றைக் கற்பனை செய்தனர் என்பதைவிட, மறுமொழி தரும் பேழையாக அதனைக் கற்பனை செய்தனர் என்பதே நம் கருத்திற்குரியது.

குழந்தைகட்கெனத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வகுத்தலில் அமெரிக்கா பெரிதும் முனைந்தமையின், அந்நாட்டிற்குச் சென்று மீளவேண்டியுள்ளது. அங்கு 1947 முதல் 1960 வரை நிகழ்ந்த 'ஹௌடி டூடி' ஒரு பாவை நிகழ்ச்சியே. அதன் அரங்கில் 'பீனட் கேலரி' என்னும் பெயரால் நாற்பது குழந்தைகள் அளவில் அமர்த்தப்பட்டனர். தலைவர் வினவுவார், அவர்கள் ஒருங்கே விடை முழங்குவர். நம் வில்லுப்பாட்டில் உடனிருப்போர் ஆமாம் போடுவதனை இஃது ஒருவாறு ஒக்கும். எனினும் வீட்டிலிருக்கும் குழந்தைக்கு இதனால் கிடைத்தது யாது? அதன் 'உம்'மினை வேறு குழந்தை கொட்டிற்று, அவ்வளவே. 1953இல் தொடங்கி 1957 வரை நடந்த 'விங்கி டிங்க் அண்ட் யூ' இன்னும் ஒருபடி சென்றது. 50 சென்ட் அனுப்பினால் ஒளிபுகும் மெல்லிய தாள் ஒன்று இல்லம் வந்து சேரும். அதனைத் தொலைக்காட்சியின் கண்ணாடிமேல் ஒட்டி, இடருற்ற சித்திரச் சிறுவனுக்குக் குழந்தை தன் வண்ணக்கோலால் பாலம் வரைந்து தரவேண்டும். தாள் வாங்காத இல்லங்களில் குழந்தைகள் கண்ணாடியின் மேலேயே வரைந்தனர். பெற்றோர் பட்ட பாடு சொல்லவேண்டுவதில்லை. கருத்து அழகியது. ஆனால் பாலம் வரையாவிடினும் அச்சிறுவன் அக்கரை சேர்ந்தே தீர்வான். இவ்வுண்மையைக் கண்டுகொண்ட நாளில் குழந்தை தன் வண்ணக்கோலைக் கீழே வைத்துவிடும் என்பது ஒருதலை.

1969 நவம்பர் 10இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' இவற்றினின்றும் வேறுபட்டது. பொழுதுபோக்கும் கல்வியும் அதன்கண் இணைந்தன என்று பலரும் பாராட்டுவர். அப்பாராட்டினை நாம் விரிக்கவேண்டா. அதனை ஆக்கியோர் கேட்போரைத் தேடிச் சென்ற முறையே ஈண்டுக் கருதத்தக்கது. ஆய்வாளர் எட்வர்டு பாமர், நிகழ்ச்சியைக் குழந்தைக்குக் காட்டுகையில் அருகே மற்றொரு திரையில் சில நொடிக்கொரு முறை மாறும் நிழற்படங்களையும் காட்டினார். குழந்தையின் கண் எப்பொழுது நிகழ்ச்சியை விட்டு அப்பால் செல்கிறதோ, அவ்விடம் நலிவுடையது எனக் குறித்துக்கொள்ளப்பட்டது. பாவைகளையும் மாந்தரையும் ஒருங்கு காட்டின் குழந்தை மயங்கும் என்று உளநூலார் கூறியிருந்தமையால் தெருக்காட்சிகள் முதலில் மாந்தரை மட்டும் கொண்டு அமைக்கப்பட்டன. அக்காட்சிகளில் குழந்தைகளின் கண் நிலைபெறவில்லை. உடனே அறிஞர் கருத்து கைவிடப்பட்டது. பெரும்பறவையும், குப்பைத் தொட்டியில் வாழும் சிடுசிடுப்பான பாவையும் தெருவிற்குள் வந்தன. கேட்போர் பனுவலைத் திருத்தியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அந்நிகழ்ச்சிக்காகச் சேம்ஸ் ஏர்ல் சோன்சு என்னும் நடிகர் ஆங்கில நெடுங்கணக்கினை ஓதிய பகுதி ஒன்றுண்டு. எழுத்து திரையில் தோன்றும்; அவர் சிறிது நேரம் வாளா நோக்குவார்; பின்னரே ஒலிப்பார். இரண்டு எழுத்துகளுக்கு இடையேயும் அவ்வாறே இடைவெளி நேரும். முதன்முறை கண்ட குழந்தைகள் அவர் ஒலித்தபின் ஒலித்தனர். மீண்டும் கண்டபோது எழுத்து தோன்றிய அளவில், அவருக்கு முன்னரே ஒலித்தனர். பன்முறை கண்டபின், எழுத்தே தோன்றாமுன் அதன் பெயரைக் கூவினர். ஆய்வாளர் இதற்கு அந்நடிகர் பெயரையே இட்டு வழங்கினர். கற்றல் நிகழ்ந்தது என்பர் கல்வியாளர், அஃது உண்மையே. நாம் காண்பதோ மற்றொன்று. பேச்சு நின்ற இடத்தே கேட்போர் பிறந்தனர். ஓசையைப் போலவே ஓசையின்மையும் பொருள் தரும் என்பது யாப்பறிந்தார்க்குப் புதிதன்று. அந்த இடைவெளியில்தான் 'உம்' மீண்டும் திரைமுன் கேட்டது.

எனினும் ஒரு வேறுபாடு. பாட்டி குழந்தையின் குரலைக் கேட்டாள். ஆய்வாளர் குழந்தையின் கண்ணை அளந்தார். கண் அசையாதிருத்தலே கேட்டலாகாது. அஞ்சிய குழந்தையின் கண்ணும் அசையாதிருக்கும். மேலும் அவ்வளவை ஒளிபரப்பிற்கு முன்னர்ச் சில குழந்தைகளிடத்து நிகழ்ந்தது. ஒளிபரப்பின்பொழுது கோடிக் குழந்தைகள் முன்னும் திரை செவிடாகவே இருந்தது. செவியுள்ள திரைக்கு யான் அறிந்த சிறந்த சான்று பிரெட் ராசர்சு என்பவரது. 1968 முதல் அமெரிக்கா முழுதும் ஒளிபரப்பான தம் நிகழ்ச்சியில் அவர் தொட்டி மீன்களுக்கு இரையிடுவது வழக்கம். கண்பார்வையற்ற சிறுமி ஒருத்தி, மீன்கள் பசித்திருக்குமோ எனத் தான் கவலையுறுவதால் இரையிடும்பொழுது அதனை வாயாற் சொல்லுமாறு மடல் எழுதினாள். அதன்பின் அவர் சொல்லிச் சொல்லியே இரையிட்டார். மற்றைக் குழந்தைகட்கு அச்சொல் மிகை. அவ்வொருத்திக்கு அதுவே காட்சி.

இனித் தமிழுக்கு வருவோம். 2007இல் தொடங்கிய சுட்டி தொலைக்காட்சி, பிறமொழிச் சித்திர நிகழ்ச்சிகள் பலவற்றைத் தமிழ்க்குரலில் தந்தது. அவற்றுள் 'டோராவின் பயணங்கள்' அமெரிக்காவில் 2000இல் தோன்றியதன் மொழிமாற்றம். டோரா என்னும் சிறுமி திரையினின்று நேரே நோக்கி வழி வினவுவாள், வினவிவிட்டுக் காத்திருப்பாள். சோன்சின் இடைவெளி இங்கே கதையின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. பொருள்களைக் கவர்ந்து செல்லும் நரியைத் தடுக்க, டோராவும் அவள் தோழனாகிய குரங்கும் குழந்தையொடு சேர்ந்து மும்முறை கூறவேண்டும்: குள்ளநரி திருடக்கூடாது.

இத்தொடரினைத் தமிழாசிரியர் சற்றே நின்று நோக்குதல் தகும். மூலத்தில் நரியின் இயற்பெயரும் அதன் தொழிலும் ஒரே வேர்ச்சொல்லிற் பிறந்தவை. அவ்வோசை நயம் தமிழில் இல்லை. ஆயின் இழந்ததினும் பெற்றது மிகுதி. முதலாவது, இயற்பெயர் நீங்கிப் பொதுப்பெயர் நின்றது. நம் கதைகளில் காக்கைக்கும் நரிக்கும் இயற்பெயர் இடும் வழக்கு அருகியே காணப்படும்; ஆதலின் அயல்நாட்டு நரி ஒரே சொல்லால் நம் கதைமரபினுட் புகுந்தது. அடுத்து, 'திருடாதே' என்னும் முன்னிலை எதிர்மறை ஏவல் ஆளப்படவில்லை. ஆத்திசூடி தன் விலக்குகளை ஏவலாகவே கூறும். இங்கோ 'கூடாது' என்னும் பொதுவிதி நிற்கிறது. 'குள்ளநரி' என்பதும் ஏகாரம் ஏற்று விளியாகவில்லை. விளியெனவும் எழுவாயெனவும் கொள்ள இடந்தந்து நிற்கிறது. நரியை நோக்கிச் சொல்வதுபோல் தோன்றினும், உலகத்துக்கு ஒரு நெறி கூறுவதாகவே தொடர் அமைந்துவிட்டது. தாய் குழந்தையைக் கடியும் மொழி இதுவேயன்றோ? தான் நாள்தோறும் கேட்கும் மொழியை, தானே ஒரு நரியின்மேல் ஏவும் உரிமை குழந்தைக்குக் கிட்டியது. அன்று குழந்தைகளாயிருந்தோர் பலர் இன்றும் இதனை வேடிக்கையாக எடுத்தாளுதற்கு இதுவே காரணம் எனலாம். இதனை எழுதிய கை தமிழ்ப் பேச்சினை நன்கு அறிந்த கை.

ஆனால் அவ்விடைவெளி மெய்யான இடைவெளியா? அறிந்த இல்லம் ஒன்றில் சிறுமி ஒருத்தி, டோரா வழி கேட்டபொழுது, வேண்டுமென்றே தவறான பக்கத்தைக் காட்டினாள். திரை சிறிது பொறுத்து அவளைப் பாராட்டியது. அவள் கைகொட்டி நகைத்தாள். திரை ஏமாந்தது என்பதில் அவளுக்கு மகிழ்ச்சி. அடுத்த வாரம் அவள் விடையே சொல்லவில்லை. குழந்தை உள்ளத்தால் விடை தேடுவதே பயன், திரை கேட்கிறதா என்பது வேண்டா என்று கல்வியாளர் மறுக்கலாம். எண்ணும் எழுத்தும் கற்பித்தற்கு அது பொருந்தும். கதைக்குப் பொருந்தாது. கேட்டவர் விடையால் ஓர் இம்மியும் மாறாத வினா, வினாவின் வடிவில் வந்த கூற்றேயாகும்.

இதனை நம்மவர் அறியாதவரல்லர். வேதாளக் கதைகளின் அமைப்பே இதற்குச் சான்று. விக்கிரமாதித்தன் வாய் திறவாது வேதாளத்தைச் சுமந்து செல்லல் வேண்டும். வேதாளமோ கதை கூறி இறுதியில் வினா ஒன்றினைத் தொடுக்கும். விடை தெரிந்தும் கூறாவிடில் தலை வெடிக்கும். கூறினால் வேதாளம் மீண்டும் முருங்கைமரம் ஏறும். கேட்பவன் விடை இங்கே கதையின் போக்கையே மாற்றுகிறது. அவன் விடையறியாது வாளா இருந்த அந்த ஒரு கதையே தொடர் முழுதையும் முடித்துவைக்கிறது. 1947 சூலையில் தொடங்கிய 'அம்புலிமாமா' இக்கதைமுறையைத் தமிழ்க்குழந்தைகளிடையே நிலைநாட்டியது. மாயப்பேழையைத் திரையிற் காட்டிய நாகிரெட்டியும் சக்கரபாணியுமே அவ்விதழையும் தோற்றுவித்தோர் என்பது நினையத்தக்கது. அச்சிலே வினாவிற்கும் விடைக்கும் இடையே படிப்பவன் விரும்புமளவு நிற்கலாம். தாளைப் புரட்டாமலே உறங்கிவிடலாம். 1985இல் இராமானந்த சாகர் இக்கதைகளை இந்தியில் தொலைக்காட்சித் தொடராக்கியபோது அவ்வுரிமை குழந்தையிடமிருந்து நீங்கிற்று. வேதாளம் கேட்டது, மன்னன் உடனே சொன்னான்.

இத்தகைய மொழிமாற்றுப் பனுவல்களை நூலகப் பட்டியல்களில் தேடிப் பயனில்லை. எழுதினோர் பெயரையும் எளிதில் அறிதற்கில்லை. நாட்டுப்புறக் கதைகளைத் தொகுக்கச் செல்லும் முதுகலை மாணவர், கதை சொல்பவரின் சொல்லை மட்டும் பதிந்து, குழந்தையின் 'உம்'மினை இடையூறென நீக்கி எழுதுதலைப் பன்முறை கண்டிருக்கிறேன். தொலைக்காட்சிப் பனுவலைத் தொகுக்கப் புகுவோரேனும் அப்பிழை செய்யாது, திரை பேசியதனை ஒரு பக்கத்திலும், அவ்விடைவெளிகளில் அதன்முன் இருந்த குழந்தை சொன்னதனை எதிர்ப்பக்கத்திலும் எழுதிக்கொள்ளல் வேண்டும். குழந்தை ஒன்றும் சொல்லாத இடங்களையும் வெற்றிடமாக விட்டுக் குறித்தல் வேண்டும்.